தீப்பொறி எங்கே தொலைந்தது?

கடை கடையாக ஏறி உதிரிபாகம் வாங்கியும் உயிர் பெறாத ஒரு பழைய அம்பாசிடரை, 12 வோல்ட் பல்பு ஒன்று காப்பாற்றிய கதை.

தெற்குக் கொல்கத்தாவில் ஒரு வீட்டின் முற்றம். 2024 ஜூலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. 1984ஆம் வருட அம்பாசிடர் ஒன்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. மூன்று வாரமாக இதே கதைதான்.

காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வண்டி அவர் அப்பா வாங்கியது. இந்த மூன்று வாரத்தில் இரண்டு மெக்கானிக்குகள் வந்து போய்விட்டார்கள். முதலாமவர் பிளக்குகளையும் வயர்களையும் மாற்றச் சொன்னார். மாற்றியாயிற்று. இரண்டாமவர் காயில் போய்விட்டது என்றார், பிறகு கண்டென்சர் என்றார், கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்றார். கொல்கத்தாவில் பழைய வண்டிகளின் பாகங்களுக்குப் பெயர்போன மல்லிக் பஜாருக்கு நான்கு முறை போய் எல்லாவற்றையும் வாங்கி வந்து மாட்டியாயிற்று. ஒரு மாத ஓய்வூதியத்தில் கணிசமான பகுதி கரைந்ததுதான் மிச்சம்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய சொந்த வாகனத்தின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி ஆய்வுக்குப் போக வேண்டும், அதுவும் ஓடிப் போக வேண்டும். இந்த வண்டிக்குக் கெடு அடுத்த மாதம் முடிகிறது. ஓடாத வண்டியை எடைக்கு எடுத்துக்கொள்வதாகப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மகனும் "கொடுத்துவிடுங்கள் பாபா" என்கிறான். கடைசி முயற்சியாக, எழுபதைத் தொட்ட ஒரு மிஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

கிழவர் கையில் கொண்டுவந்தது ஒரு சிறிய தகரப் பெட்டி. வந்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"திடீரென்று நின்றதா பாபு, இல்லை கொஞ்ச நாளாகவே தொந்தரவு கொடுத்ததா?"

"இரண்டு மாதமாகவே அவ்வப்போது ஒரு வெட்டு வெட்டும் மிஸ்திரி. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும். பிறகு தானாகவே சரியாகிவிடும்."

மிஸ்திரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். நாடி பார்ப்பதற்கு முன்பு நோயாளியைப் பேசவிடும் வைத்தியரின் பழக்கம் அது. அந்தப் பதிலுக்குள் பாதி விடை இருந்தது என்பது பிறகுதான் தெரியப் போகிறது.

அவர் என்ன தேடினார் என்பது புரிய வேண்டுமானால், பழைய பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி எப்படிப் பிறக்கிறது என்பது தெரிய வேண்டும். பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் முனையில் உள்ள சிறிய இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த ஏற்றத்தைச் செய்வது காயில். அதற்குள் இரும்புத் துண்டு ஒன்றைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன: தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள். தடித்த சுருளில் கரன்ட் ஓடும்போது காந்தப்புலம் உருவாகிறது. அந்தக் கரன்ட்டைச் சட்டென்று அறுத்தால் காந்தப்புலம் சரிகிறது. சரியும் வேகத்தில் மெல்லிய சுருளில் உயர் அழுத்த மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. இதை பாட்டரியோடு இணைத்துக் காருக்கு ஏற்ற ஏற்பாடாக்கியவர் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் வருட காடிலாக் கார்களில் அது வந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகின் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் ஓடின.

கரன்ட்டை அறுக்கும் கத்தி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். சுழலும் தண்டின் மேடு ஒன்று பாயிண்ட்டைத் திறக்கிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. இடைவெளி அதிகபட்சமாகத் திறந்திருக்கும்போதுகூட 0.4 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். பாயிண்ட் திறக்கும்போது அதன் முனைகளிலேயே பொறி பறந்து வீணாகாமல், அந்த மின்சாரத்தை ஒரு கணம் தாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. காயிலில் பிறந்த உயர் அழுத்தம் தடித்த நடு வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வருகிறது. உள்ளே சுழலும் ரோட்டர் அதை 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் நிமிடத்துக்கு 6,000 பொறிகள் வேண்டும். அதாவது விநாடிக்கு 100. இத்தனையையும் செய்வது ஒரு சிறிய ஸ்பிரிங்கும் இரண்டு உலோகப் பொட்டுகளும்.

ஆக, பாதை இரண்டு பகுதி. பாட்டரியில் கிளம்பி சாவி, காயிலின் தடித்த சுருள், பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போவது 12 வோல்ட் பாதை. காயிலின் மெல்லிய சுருளில் தொடங்கி நடு வயர், மூடி, ரோட்டர், பிளக் வயர், பிளக் என்று போவது உயர் அழுத்தப் பாதை. பொறி இல்லையென்றால் இந்தப் பாதையில் எங்கோ ஓரிடம் அறுந்திருக்கிறது அல்லது கசிகிறது. கேள்வி, எந்தப் பாதி என்பதுதான். முந்தைய இரு மெக்கானிக்குகளும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பாகங்களைப் பார்த்து ஊகித்தார்கள். மிஸ்திரி பாதையைப் பார்த்தார்.

முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி முகர்ந்தார். பெட்ரோல் வாசனை, முனையில் ஈரம். எரிபொருள் வருகிறது. பிளக்கைத் துடைத்து, வயரில் மாட்டி, அதன் உடல் இன்ஜின் மீது படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. நோய் உறுதியாயிற்று.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்த தடித்த வயரைப் பிடுங்கினார். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் அதைப் பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்தார். சிந்திய பெட்ரோல் பக்கத்தில் எங்கும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே "அடியுங்கள்" என்றார். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று பொறி பாய்ந்திருந்தால் காயில்வரை எல்லாம் நலம், குற்றவாளி மூடியிலோ ரோட்டரிலோ வயரிலோ பிளக்கிலோ ஒளிந்திருக்கிறான் என்று பொருள். இங்கே ஒன்றும் பாயவில்லை. ஒரே சோதனையில் நான்கு பேர் சந்தேகப் பட்டியலிலிருந்து விலகினார்கள். அந்த நான்கு பேரில் மூன்று பேர் புதிதாக வாங்கி மாட்டப்பட்டவர்கள்.

"இதெல்லாம் ஏன் வாங்கினீர்கள் பாபு?" என்று மிஸ்திரி கேட்டார். பதிலை எதிர்பார்க்காத கேள்வி அது.

பிறகு தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது அவருடைய ஒரே கருவி: பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு வயர். ஒரு முனையை இன்ஜின் இரும்பில் கவ்வவிட்டு, மறுமுனையால் தொட்டுப் பார்ப்பது. இதற்கு டெஸ்ட் லாம்ப் என்று பெயர். சாவியைப் போடச் சொல்லி, காயிலுக்குக் கரன்ட் வரும் முனையைத் தொட்டார். பல்பு எரிந்தது. பாட்டரி, சாவி, அங்கிருந்து வரும் வயர் மூன்றும் நிரபராதிகள்.

அடுத்து காயிலின் மறுமுனை, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனை. இதுதான் சோதனைகளின் நடுநாயகம். பாயிண்ட் திறந்திருக்கும்போது இங்கே பல்பு எரிய வேண்டும், மூடியதும் அணைய வேண்டும். இன்ஜின் சுற்றும்போது மினுக்மினுக்கென்று கண்சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் 12 வோல்ட் பாதை வேலை செய்கிறது. காயிலையும் கண்டென்சரையும் பிறகு சந்தேகிக்கலாம். எரியவே இல்லையென்றால், ஒன்று காயிலின் சுருள் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏதோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டால் எது என்று தெரிந்துவிடும். கழற்றிய பிறகு எரிந்தால் காயில் நலம்.

இந்த வண்டியில் பல்பு எரிந்தது. செல்ஃப் அடித்தபோதும் எரிந்துகொண்டே இருந்தது. கண் சிமிட்டவே இல்லை.

வங்கி அதிகாரிக்கு மகிழ்ச்சி. "கரன்ட்தான் வருகிறதே!"

"வருகிறது பாபு. போக வழியில்லை" என்றார் மிஸ்திரி.

கரன்ட் காயிலைத் தாண்டி வந்து நிற்கிறது, எர்த்துக்குப் போய்ச் சேரவில்லை. போகாத கரன்ட்டை அறுக்க முடியாது. அறுக்காமல் பொறி பிறக்காது. பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் பயனில்லாதபடி அழுக்கு, அல்லது வழியில் எங்கோ அறுபட்டிருக்கிறது.

உள்ளே கை வைப்பதற்கு முன்பு அவர் இன்னொன்று செய்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் தன்னுடைய வயர் ஒன்றையும் பெட்டியிலிருந்த கண்டென்சரையும் மாட்டினார். கண்டென்சரின் உடலை எர்த் செய்தார். நடு வயரின் முனை இரும்புக்கு அருகில். கையிலிருந்த வயரை இன்ஜின்மீது தொட்டு எடுத்தார். எடுத்த கணத்தில் 'சடக்'கென்று நீலப் பொறி. மறுபடி தொட்டு எடுத்தார். மறுபடி பொறி. பாயிண்ட் செய்ய வேண்டிய வேலையை மனிதர் தன் கையால் செய்து காட்டிவிட்டார். காயில் நலம். மீதி இருப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் உட்புறம் மட்டுமே, உள்ளங்கையளவு இடம்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பாயிண்ட் திறந்து மூடுகிறது, இடைவெளி சரி. முனைகளுக்கு நடுவே வெள்ளைத் தாளை இழுத்துப் பார்த்தார், கறை இல்லை. வயரைப் பழையபடி காயிலில் மாட்டி, பாயிண்ட் மூடிய நிலையில் நிற்கும்படி இன்ஜினைத் திருப்பி வைத்தார். டெஸ்ட் லாம்பால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையைத் தொட்டார். எரிந்தது. பாயிண்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட்டார். இருட்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் நீளமுள்ள மெல்லிய வயர் மட்டுமே.

பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மிஸ்திரி அதை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தார். வயர் ரப்பர் மாதிரி நீண்டது. மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்துபோயிருந்தன.

ஆக்ஸிலேட்டரைப் பற்றி அவர் முதலில் கேட்டதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையாத தட்டல்ல. இன்ஜினின் பாரத்துக்கு ஏற்றபடி பொறியின் நேரத்தை முன்பின்னாக மாற்றுவதற்காக, கார்புரேட்டர் பக்கத்திலிருந்து வரும் வெற்றிட இழுப்பு அந்தத் தட்டைச் சில பாகை திருப்பும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் தட்டு அசைகிறது. தட்டோடு இந்த வயரும் வளைகிறது. நாற்பது வருட வளைவு. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கடைசி இழைகள் தொட்டும் தொடாமலும் இருந்த இரண்டு மாதம்தான் வண்டி 'வெட்டு' வெட்டிய காலம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த அறுபடல் பழைய வண்டிகளில் அபூர்வமும் அல்ல. அதே தட்டை எர்த்தோடு இணைக்கும் சிறிய பின்னல் வயருக்கும் இதே கதி நேர்வதுண்டு. மற்ற குற்றவாளிகளுக்கும் தனித்தனிக் குணம் இருக்கிறது. சூடேறியதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். பொறி மஞ்சளாக, நோஞ்சானாக இருந்து பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சர். மழைக்காலக் காலையில் மட்டும் மறுக்கும் வண்டியில் மூடியின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, அங்கே மயிரிழைபோல் கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அது மின்சாரம் கசிந்த தடம். நாளாக நாளாக வண்டி மந்தமாகிக் கடைசியில் நின்றால், பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி மூடியிருக்கும். நடு வயரில் நல்ல பொறி வந்தும் பிளக்கில் வரவில்லை, மூடியும் வயர்களும் நலம் என்றால், ரோட்டருக்குள் ஓட்டை விழுந்து மின்சாரம் தண்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் கேட்க வேண்டிய வரிசை ஒன்றுதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த வித்தைகள் பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளுக்கு மட்டுமே. நடு வயரை எங்கும் அருகில் வைக்காமல் தொங்கவிட்டுச் செல்ஃப் அடித்தால் காயிலே பழுதாகலாம். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் இப்படிப் பொறி பாய்ச்சிப் பார்த்தால் விலை உயர்ந்த மின்னணுப் பெட்டி கருகலாம். அதன் அதிர்ச்சியும் பழைய காயிலைவிடப் பலமடங்கு கடுமையானது.

மிஸ்திரி தன் பெட்டியிலிருந்து மெல்லிய இழைகள் நிறைந்த, துவளும் வயர் ஒன்றை வெட்டி எடுத்தார். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் விறைப்பான கம்பி இங்கே உதவாது; சில நாளிலேயே முறிந்துவிடும். இரண்டு முனையிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, தட்டு திரும்புவதற்குத் தேவையான தொய்வு விட்டு மாட்டினார். மூடியைப் பூட்டினார். சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. புகைபோக்கி இருமிவிட்டு, அந்தப் பழைய 1,489 சி.சி. இன்ஜின் தனக்கே உரிய குரலில் ஓட ஆரம்பித்தது. வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் கொடுத்த கூலியை மிஸ்திரி எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கழற்றிப் போட்ட பழைய காயில், மூடி, கண்டென்சர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, "இவை நல்ல சாமான்கள் பாபு. எறிந்துவிடாதீர்கள்" என்று திருப்பிக் கொடுத்தார். குற்றமில்லாமல் தண்டிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த விடுதலை அது.

கொல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில், 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதன் போட்டியாளராக இருந்த பிரீமியர் பத்மினி, மும்பை டாக்ஸிகளிலிருந்து 2023 அக்டோபரில் விடைபெற்றது. அந்த வண்டிகளோடு டிஸ்ட்ரிபியூட்டரும் பாயிண்ட்டும் போய்விட்டன. இன்றைய கார்களில் பொறியின் நேரத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. கோளாறு வந்தால் ஒரு கருவியைச் செருகினால் எண் ஒன்று திரையில் வருகிறது. அது முன்னேற்றம்தான், பாயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டு சாலையோரம் நின்றவர்கள் யாரும் அந்தக் காலத்துக்காக ஏங்க மாட்டார்கள்.

ஆனால் திரையில் வரும் எண்ணும் ஒரு சந்தேகத்தைத்தான் சொல்கிறது, தீர்ப்பை அல்ல. ஒரு சென்சரின் பெயரைத் திரை காட்டினால், கெட்டது அந்த சென்சரா, அதற்குப் போகும் விரல் நீள வயரா என்று யாராவது பார்த்தாக வேண்டும். பார்க்காமல் சென்சரை மாற்றினால் அது மல்லிக் பஜாருக்கு நான்கு முறை போனவரின் கதையேதான், விலை மட்டும் அதிகம்.

அன்று மாலை பழைய இரும்பு வியாபாரி மறுபடி வந்தார். முற்றத்தில் வண்டி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வயர் மாட்டும்போது மிஸ்திரிக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகன்தான் அதை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். கிளம்பும் முன்பு மிஸ்திரியிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த பல்பை எப்படிச் செய்தீர்கள்?"